பென்சில் எழுதிய தீர்ப்பு

ஏழைக்காகப் பேச எவருமில்லாத மன்றத்தில் நீதியின் துலாக்கோல் எப்பக்கம் சாயும்? அமெரிக்க நாட்டிலே இந்த வினாவை எழுப்பி வென்றவர் சட்டம் பயின்ற மேதையல்லர்; எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, பலமுறை சிறை கண்ட கிளாரன்ஸ் ஏர்ல் கிடியன்!

1961 ஜூன் 3. புளோரிடா மாநிலத்துப் பனாமா சிட்டியில் பில்லியர்ட்ஸ் கூடமொன்று உடைக்கப்பட்டு, இயந்திரங்களிலிருந்த சில்லறை களவு போயிற்று. "கிடியனை அங்கே கண்டேன்" என்றார் ஒருவர். கைதான கிடியனிடம் பணமில்லை. "எனக்கொரு வழக்கறிஞர் தாருங்கள்" என்று கேட்டார். "மரண தண்டனைக்குரிய வழக்கிலேதான் தர முடியும்" என்று மறுத்தார் நீதிபதி. தமக்காகத் தாமே வாதாடினார் கிடியன். கிடைத்தது ஐந்தாண்டுச் சிறை!

சிறையிலே அவர் சோர்ந்து கிடந்தாரில்லை. பென்சிலை எடுத்தார்; உச்ச நீதிமன்றத்துக்கு மனுத் தீட்டினார். அவருக்காக வாதாட ஏப் போர்ட்டாசை நீதிமன்றமே நியமித்தது. 1942-ல் பெட்ஸ் வழக்கிலே தான் அளித்த தீர்ப்பைத் தானே தள்ளி, 1963 மார்ச் 18 அன்று நீதிமன்றம் ஒருமனதாகக் கூறிற்று: கடுங்குற்றம் சாட்டப்பட்ட ஏழைக்கு வழக்கறிஞரைத் தருவது மாநிலத்தின் கடமை!

1963 ஆகஸ்டில் மறுவிசாரணை. அதே ஊர், அதே நீதிபதி, அதே முதன்மைச் சாட்சி. புதிதாக வந்தவர் வழக்கறிஞர் பிரெட் டர்னர். "என்னை ஏற்றிச் சென்றதை எவரிடமும் சொல்லாதே" என்று கிடியன் கூறியதாக டாக்சி ஓட்டி சொன்னார். கேட்டவுடன் குற்றவாளியின் பேச்சாகத் தோன்றும். டர்னர் அங்கே நிற்கவில்லை. முன்பும் அப்படிச் சொன்னதுண்டா? உண்டு. காரணம்? மனைவியோடு தகராறு! "கண்டேன்" என்றவரையோ, அவரே களவுக்குத் துணை நின்றவரோ என ஜூரிகள் ஐயுறும்படி குறுக்கு விசாரணை செய்தார். ஒரு மணி நேரத்தில் ஜூரிகள் திரும்பினர்: கிடியன் குற்றவாளியல்லர்!

மாறியது மனிதரல்ல, கேள்வி!

ஆயினும் வெற்றி முழுமையன்று. அமெரிக்காவின் பல இடங்களில், ஏழைகளுக்கென அமர்த்தப்படும் வழக்கறிஞர்மீது இன்றும் வழக்குகள் மலைபோல் குவிகின்றன. சாட்சியைத் தேடவும் சம்பவ இடத்தைப் பார்க்கவும் நேரமில்லாத வழக்கறிஞர், பெயருக்கு நிற்கும் துணையே. உரிமை ஏட்டிலே இருந்தால் போதாது. கேட்க நேரமும் வேண்டும், நெஞ்சுரமும் வேண்டும். "கண்டேன்" என்பவரை "எங்கே நின்று கண்டீர்?" என்று கேட்பதுதானே பகுத்தறிவு!