பல்கலைக்கழகம் போகும் பிள்ளைக்கு என்ன வாங்கிக் கொடுக்கலாம்?

கெலுகோரில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம், அதாவது யுஎஸ்எம், 1969-இல் தொடங்கப்பட்ட நாட்டின் இரண்டாவது பல்கலைக்கழகம். பிரிட்டிஷ் இராணுவ முகாமாக இருந்த மிண்டன் மேட்டில் அதன் முதன்மை வளாகம் இருக்கிறது. தோட்டங்களிலிருந்தும் சிறு பட்டணங்களிலிருந்தும் இங்கு வரும் நம் பிள்ளைகள் சிலருக்கு, வீட்டில் முன்னே போய்வந்த அண்ணனோ அக்காவோ இருப்பதில்லை. எது தேவை என்று சொல்ல ஆளில்லாததால் உறவினர்கள் அவரவருக்குத் தோன்றியதை வாங்கி வருகிறார்கள். மூன்று சுவர்க்கடிகாரமும் ஒரு பொன்னாடையும் சேர்ந்துவிடும்; குளிக்க வாளி இருக்காது.

எதையும் வாங்குவதற்கு முன் சேர்க்கைக் கடிதத்தில் வளாகத்தின் பெயரைப் பாருங்கள். பொறியியல் என்றால் நிபோங் திபாலுக்கும், மருத்துவம் என்றால் கிளந்தானின் குபாங் கெரியானுக்கும் போக வேண்டும். குபாங் கெரியானில் இருக்கும் பிள்ளை, மறந்த பொருளை எடுக்க வார இறுதியில் பினாங்குக்கு ஓடி வர முடியாது.

வாளியையே பரிசுக்கூடை ஆக்கிவிடலாம். உள்ளே துணி மாட்டிகள், கிளிப்புகள், சவர்க்காரம், குளியலறைச் செருப்பு, ஒற்றைக் கட்டில் விரிப்பு, தலையணை உறை, அலமாரிக்கு இரண்டு சாவியுள்ள பூட்டு, கோடாலித் தைலம், காய்ச்சல் மாத்திரை வைக்கலாம். நல்ல குடை கட்டாயம். பினாங்கு மழை சொல்லிக்கொண்டு வராது. ரெஸ்து, சௌஜானா, தெக்குன் விடுதிகளோ முதன்மை வளாகத்துக்கு வெளியே இருக்கின்றன. ஊறுகாய், பருப்புப்பொடி, முறுக்கு ஆகியவற்றை அம்மா எப்படியும் கட்டிவிடுவார், அதில் தலையிட வேண்டாம்.

மின்சாரப் பொருளில்தான் கவனம் தேவை. ரைஸ் குக்கர், மின்சார அடுப்பு போன்றவற்றை விடுதிகள் பெரும்பாலும் அனுமதிப்பதில்லை. வாங்கிக் கொடுத்தால் பிள்ளைதான் மாட்டிக்கொள்ளும். நீட்டிப்பு வயர் வாங்கினால் சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பசார் மாலாமில் கிடைக்கும் மலிவுச் சரக்கு வேண்டாம்.

செலவில்லாத பரிசு ஒன்றும் உண்டு: ஒரு கோப்பு. அடையாளக் கார்டு, பிறப்புப் பத்திரம், எஸ்பிஎம், எஸ்டிபிஎம் முடிவுகள், சேர்க்கைக் கடிதம் ஆகியவற்றின் நகல்களையும் சில கடவுச்சீட்டு அளவுப் படங்களையும் அடுக்கிக் கொடுங்கள். பதிவு நாளில் முதலில் கைக்கு வேண்டியது அதுதான்.

உறையில் பணம் வைப்பதை யாரும் குறைவாக நினைக்க வேண்டாம். 1997-இல் தொடங்கப்பட்ட பிடிபிடிஎன் தரும் கல்விக் கடன், பதிந்த அன்றே கைக்கு வந்துவிடாது. விண்ணப்பமும் ஒப்பந்தமும் முடியும்வரை சாப்பாடு, பேருந்து, நகலெடுப்பு எல்லாம் கைக்காசில்தான் நடக்கும். அப்போது பத்து, ஐந்து ரிங்கிட் நோட்டுகளாக இருக்கும் 100 ரிங்கிட் பெரிய உதவி. வாளியில் மறந்துபோனதைப் பல்கலைக்கழகத்தை ஒட்டிய சுங்கை டுவா கடைகளிலும் அதை வைத்து வாங்கிக்கொள்ளலாம்.

மடிக்கணினியை மட்டும் அவசரப்பட்டு வாங்காதீர்கள். கட்டடக்கலை படிப்பவருக்கு வேண்டிய கணினி வேறு, கணிதம் படிப்பவருக்குப் போதுமானது வேறு. மாமா, சித்தப்பா, அத்தை எல்லாரும் தொகையைச் சேர்த்து வைத்திருந்து, துறையில் கேட்டுவிட்டு முதல் மாதத்தில் வாங்கலாம்.