அம்மைப்பாலும் கரப்பானும்: தடுப்பூசியின் அபூர்வ சரும விளைவுகள் குறித்து

தடுப்பூசிக்குப் பின் எங்கோ அபூர்வமாக ஒருவருக்குச் சருமம் கொப்புளித்து உரியும் விபரீதத்தை வெளிப்படையாகச் சொல்லிவிட்டால், ஜனங்கள் ஊசியையே வெறுத்து ஒதுக்குவர் என்னும் அச்சம் சுகாதாரத் துறையினரிடையே நெடுங்காலமாக உண்டு. பெரியம்மைத் தடுப்பு மருந்தான அம்மைப்பாலைத் தயாரித்த கிண்டி கிங் நிலையமும், 1948இல் கிண்டியிலேயே தோன்றிய, க்ஷயரோகத் தடுப்பூசியான பி.சி.ஜி.யின் ஆய்வுக்கூடமும், 1928இல் டாக்டர் டேவிட் சவுரிமுத்து க்ஷயரோகிகளுக்காக நிறுவிய தாம்பரம் சானடோரியமும் ஒரே மின்சார ரயில் மார்க்கத்தில் அமைந்த இத்தென்சென்னைப் பகுதியின் வைத்திய சரித்திரம் அவ்வச்சத்துக்கு நேர்மாறான உண்மையையே காட்டுகிறது என்பது என் துணிபு.

அம்மை குத்தும்போது தோலில் ஏற்றப்பட்டது உயிருள்ள வாக்ஸினியா வைரஸ். திடகாத்திரமான குழந்தைக்கு மேற்கையில் ஒரு கொப்புளம் எழும்பி, சீழ்கோத்து, பொருக்குத் தட்டி, அழியாத வட்டத் தழும்பாக அடங்கும். கரப்பான் (எக்ஸிமா) கண்ட குழந்தைக்கோ அவ்வைரஸ் புண்பட்ட சருமமெங்கும் பரவி, முகமும் கழுத்தும் முழங்கை மடிப்பும் கொப்புளக் கூட்டமாகி, சில வேளை உயிரையே கொண்டுபோயிற்று. ஊசியே குத்திக்கொள்ளாத கரப்பான் குழந்தை, குத்திக்கொண்ட தமையனோடு ஒரே பாயில் படுத்த காரணத்தால் இதற்கு ஆளானதும் உண்டு. 1968இல் அமெரிக்காவில் எடுத்த கணக்கு, முதன்முறை குத்திக்கொண்டோரில் பத்து லட்சத்துக்கு ஏறத்தாழ 38 பேர் என்றது. சிறிய எண்தான், ஆயினும் அந்த 38 பேரும் பத்து லட்சம் பேரிடையே தற்செயலாகச் சிதறிக் கிடந்தவர் அல்லர். குழந்தைக்கோ வீட்டில் வேறெவருக்கோ கரப்பான் உண்டா என்று குத்துவதற்கு முன் கேட்டிருந்தால், அவர்களுள் பெரும்பாலோரை இனங்கண்டிருக்கலாம்.

இத்தீங்கை மறைக்காமல் ஆராய்ந்தவர்களுள் முக்கியமானவர் குழந்தை வைத்தியர் ஹென்றி கெம்பே. புதிதாக அம்மை குத்திக்கொண்டோரின் இரத்தத்திலிருந்து பிரித்த எதிர்ப்புப் புரதத்தை முதலில் ஊசியின் தீங்குகளுக்கே மருந்தாக்கிய அவர், பின்னர் சென்னைக்கு வந்து, தொற்றுநோய் மருத்துவமனையின் ஏ. ராமச்சந்திர ராவ் முதலியோருடன் கூடி, பெரியம்மை நோயாளிகளோடு பழகியவர்களுக்கு அதைச் செலுத்திப் பார்த்தார். 1961இல் வெளியான முடிவின்படி, மருந்து பெற்ற 326 பேரில் 5 பேருக்கும், பெறாத 379 பேரில் 21 பேருக்கும் நோய் கண்டது. ஊசியின் தீங்கை ஒப்புக்கொண்டதால் பிறந்த மருந்து நோய்க்கே எதிரான கவசமாயிற்று. அதே கெம்பேதான் 1965இல், பெரியம்மை அற்றுப்போன அமெரிக்காவில் குழந்தைகளுக்கெல்லாம் அம்மை குத்துவதை நிறுத்தலாம் என்று வாதித்தார்; நோய் அப்போது தாண்டவமாடிய சென்னையில் அந்த நியாயம் செல்லாததாயிருந்தது. லாபத்தையும் நஷ்டத்தையும் ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் எடைபோட்டே தீர வேண்டும்.

அந்த எடையைக் கேள்விக்குட்படுத்தி, 1955இல் பி.சி.ஜி. இயக்கத்தை எதிர்த்து ராஜாஜி எழுதிய வாதத்தின் முடிவை நான் ஏற்கவில்லை. ஆனால், வினவும் பிரஜைக்கு விடையளிப்பது அரசின் கடமை என்பதில் எனக்கு ஐயமில்லை.

இனி மறுபக்கம். ஊசிக்குப் பின் வந்ததெல்லாம் ஊசியால் வந்ததாகிவிடாது. தோலும் வாயின் உட்புறமும் வெந்தாற்போல் உரியும் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய் பெரும்பாலும் மருந்துகளின் விளைவு; தடுப்பூசிக்குப் பின் அது காணப்பட்டதாக வந்த குறிப்புகள் மிகச் சிலவே. க்ஷயரோகிகளுக்கு ஒருகாலத்தில் தாராளமாகக் கொடுக்கப்பட்ட தயாசிட்டசோன், எச்.ஐ.வி. நோயாளிகளுக்குத் தரப்படும் கோட்ரைமாக்சசோல், அவர்களுக்கு முன்பு பரவலாகத் தரப்பட்ட நெவிராப்பின் ஆகிய மூன்றும் இக்கொடுமையை விளைவிக்க வல்லவை. இவ்விரு நோயாளிகளும் திரண்டு வரும் தாம்பரம் சானடோரியம் போன்ற இடத்தில், ஊசி போட்ட பத்தாம் நாள் ஒருவருக்கு வாய் வெந்தால், கடந்த இரண்டு மாதங்களில் அவர் விழுங்கிய மாத்திரைகள் யாவை, ஒவ்வொன்றும் தொடங்கிய தேதி எது, முதற் கொப்புளம் எழுந்த நாள் எது என்று எழுதிவைக்காமல் எவரும் தீர்ப்புக் கூற இயலாது. வலிப்புக்கும் மூட்டுவலிக்கும் கடையில் வாங்கிய மாத்திரையும் அப்பட்டியலில் சேர வேண்டும். பல்லாவரத்திலும் குரோம்பேட்டையிலும் ஊசி போடும் செவிலியர் இதைக் கேட்டெழுதுவதற்கு ஐந்து நிமிஷ அவகாசமும், எழுதியதை வாசித்துப் பதிலளிக்க ஒரு சரும நிபுணரும் வேண்டும்.