நிலவின் மேல் விழுந்த பழி

குதிரையின் கண் சிவந்து நீர் வடியும்; ஆறும்; மறுபடி நோகும்; கடைசியில் பார்வையே போய்விடும். பிற்கால ரோம எழுத்தாளர் வெஜீசியஸ் தமது கால்நடை மருத்துவ நூலில் இதை நிலவோடு சேர்த்துப் பெயரிட்டார். ஆங்கிலேயரும் ‘நிலாக் குருடு’ என்றே சொல்லி வந்தாங்க. 1819இல் ஜேம்ஸ் வார்ட்ரொப் குதிரைக் கண் நோய்களுக்கென்றே ஒரு நூல் எழுதினார்.

பழையவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. நோய் திரும்பத் திரும்ப வருவதை அவங்க சரியாத்தான் கண்டாங்க. காரணத்தைத்தான் வானத்தில் தேடினாங்க. நம்மட வயற்காரர் அஞ்சும் எலிக்காய்ச்சலின் லெப்டோஸ்பைரா கிருமியும், உடலின் எதிர்ப்புச் சக்தி தன் கண்ணையே தாக்குவதும் இன்று அறிந்த முக்கிய காரணங்கள்.

ஆனாலும் குதிரைக் கண்ணுக்கு ஒரு காலக் கணக்கு உண்டு. அது பகலிரவுக் கணக்கு. கண்ணின் உள்ளழுத்தம் பகலில் கூடும், இரவில் குறையும். ஆகவே, அளந்த நேரத்தைக் குறிக்காத மருத்துவக் குறிப்பை நான் அரைக் குறிப்பு என்றே சொல்வேன்.