நண்பகல் மேடையில் பிறந்த நம்பிக்கை

தொலைக்காட்சியில் ஒருவர் பேசுகிறார், நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அவர் நம்மைக் கண்டதில்லை. நம் பெயரும் அவருக்குத் தெரியாது. ஆயினும் நாளடைவில் அவர் நம் வீட்டு மனிதர்போல் ஆகிவிடுகிறார். இந்த உறவு எவ்வாறு உண்டாகிறது? அதன் வலிமை என்ன? பிலிப்பைன்ஸ் நாட்டுத் தொலைக்காட்சி முன்னோடிகளுள் ஒருவரான எட்டி இலார்டேயின் வாழ்க்கை இவ்வினாக்களுக்கு விடை தருகிறது.

முதல் ஒளிபரப்பு

பிலிப்பைன்ஸில் தொலைக்காட்சிக்கு வித்திட்டவர் ஜேம்ஸ் லிண்டன்பர்க் என்ற அமெரிக்கப் பொறியாளர். 1946இல் அவர் தொடங்கிய நிறுவனத்துக்கு 1950இல் ஒளிபரப்பு உரிமை கிடைத்தது. ஆனால் இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் கருவிகளைத் தருவிக்க இயலவில்லை. பின்னர் குடியரசுத் தலைவர் எல்பிடியோ கிரினோவின் சகோதரர் அந்தோனியோ கிரினோ அந்நிறுவனத்தில் பங்கு வாங்கினார். 1953 அக்டோபர் 23 அன்று மணிலாவில் முதல் ஒளிபரப்பு நிகழ்ந்தது. அப்போது தொலைக்காட்சிப் பெட்டி இருந்த வீடுகள் மிகச் சிலவே.

அங்கு பின்பற்றப்பட்டது அமெரிக்க முறை. அதில் ஒவ்வொரு படமும் 525 கோடுகளாகப் பிரிக்கப்படும். வினாடிக்கு 30 படங்கள் அனுப்பப்படும். இவற்றை ஏந்திச் செல்லும் அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வன. கோபுரம் எவ்வளவு உயரமானாலும், ஒரு தொலைவுக்கு அப்பால் பூமியின் வளைவு அவற்றை மறைத்துவிடும். ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகளைக் கொண்ட நாட்டில், மணிலாவின் படம் எல்லோரையும் எட்டவில்லை. வானொலியோ நெடுந்தொலைவு சென்றது. எனவே அந்நாட்டுத் தொலைக்காட்சியின் முதல் கலைஞர்கள் பலர் வானொலியிலிருந்தே வந்தனர்.

திருத்த முடியாத மேடை

நடைமுறைக்கு உகந்த ஒளிநாடாப் பதிவுக் கருவி 1956இல்தான் அமெரிக்காவில் அறிமுகமாயிற்று. அது விலை மிகுந்த கருவி. ஆகவே தொடக்கக் காலத்து நிகழ்ச்சிகள் பெரும்பாலும் நடக்கும்போதே ஒளிபரப்பாயின. பாடகர் வரத் தாமதித்தாலும், விளக்கு அணைந்தாலும் நிறுத்தித் திருத்த வழியில்லை. அந்த இடைவெளியைப் பேச்சால் நிரப்புவதே நிகழ்ச்சி நடத்துபவரின் வேலை. மனப்பாடம் செய்த வசனம் அங்கே உதவாது. தம் இயல்பான பேச்சையே அவர் நம்பவேண்டும். பார்ப்பவர்கள் அவரை உறவினர்போல் கருதியதற்கு இதுவே முக்கியக் காரணம் எனலாம்.

1934இல் இரிகா என்னும் ஊரில் பிறந்த இலார்டே இக்கலையில் தேர்ந்தவர். 1958இல் 'ஸ்டூடண்ட் கேண்டீன்' என்ற நண்பகல் நிகழ்ச்சி தொலைக்காட்சியில் தொடங்கியது. லெய்லா பெனிடெஸ், பாபி லெடெஸ்மா, பெப்பே பிமென்டெல் ஆகியோருடன் அவர் அதனை நடத்தினார். பாட்டும் போட்டியும் வேடிக்கைப் பேச்சும் கலந்த அது, அந்நாட்டின் முதல் நண்பகல் பல்சுவை நிகழ்ச்சியாகக் கருதப்படுகிறது. பின்னாளில் நண்பகல் நிகழ்ச்சி அங்கே ஒரு மரபாகவே வேரூன்றியது.

மக்கள் மன்றத்தில்

1965இல் இலார்டே நாடாளுமன்றத்தின் கீழவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1971இல் லிபரல் கட்சியின் சார்பில் மேலவைக்குப் போட்டியிட்டார். அவ்வாண்டு ஆகஸ்ட் 21 அன்று மணிலாவின் மிராண்டா சதுக்கத்தில் நடந்த தேர்தல் கூட்டத்தில் கையெறி குண்டுகள் வீசப்பட்டன. ஒன்பது பேர் மாண்டனர். ஏறத்தாழ நூறு பேர் காயமுற்றனர். காயமுற்றவர்களுள் இலார்டேயும் ஒருவர். எனினும் அத்தேர்தலில் அவர் வெற்றி பெற்றார்.

அடுத்த ஆண்டே நிலைமை மாறிற்று. 1972 செப்டம்பரில் குடியரசுத் தலைவர் மார்க்கோஸ் இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்தார். செய்தித்தாள்களும் ஒலி, ஒளிபரப்பு நிலையங்களும் மூடப்பட்டன, நாடாளுமன்றமும் செயலற்றது. அச்செய்தியை மார்க்கோஸ் மக்களுக்கு அறிவித்ததும் தொலைக்காட்சி வாயிலாகத்தான். கருவி ஒன்றே, அதைக் கையில் வைத்திருப்பவர் யார் என்பதே வேறுபாடு.

1975இல் 'ஸ்டூடண்ட் கேண்டீன்' வேறொரு நிலையத்தில் புத்துயிர் பெற்று, 1986 வரை நடந்தது. வானொலியில் நேயர்களின் துயரக் கடிதங்களுக்கு ஆலோசனை கூறிய இலார்டேயை மக்கள் 'கூயா எட்டி' என்று அழைத்தனர். 'கூயா' என்றால் அவர்கள் மொழியில் அண்ணன். சவூதி அரேபியாவில் உழைக்கும் ஒருவன் அவருக்குத் தன் வேதனையை எழுதுவதுபோல் அமைந்த பாட்டு ஒன்று நாடெங்கும் ஒலித்தது.

இலார்டே 2020 ஆகஸ்ட் 4 அன்று காலமானார். நடக்கும்போதே ஒளிபரப்பாகி, பதிவு செய்யப்படாத நிகழ்ச்சிகள் அன்றே காற்றில் கலந்துவிட்டன. ஆனால் நெடுந்தொலைவிலிருந்து ஒருவன் முன்பின் அறியாத மனிதரை 'அண்ணா' என்று அழைத்துக் கடிதம் எழுதத் துணிகிறானே, அந்த நம்பிக்கைக்கு அந்தத் திருத்த முடியாத மேடையும் ஓர் அடித்தளம். அதைச் சம்பாதிக்கப் பல ஆண்டுகள் ஆகும். நிலையத்தின் கதவைப் பூட்டவோ ஓர் இரவு போதும்.