எலிக்காய்ச்சலும் வாரத்துக்கு இரண்டு குளிசைகளும்

வன்னிப் பெருநிலப்பரப்பில் காலபோகம் என்பது மழையோடு தொடங்கி, ஈரம் வற்றாத வயலில் அறுவடையோடு முடியும் பருவமாகும். இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், பாவற்குளம் ஆகியவற்றின் கீழுள்ள வயல்களில் வெறுங்காலுடன் சேற்றில் நிற்பவர்களுக்கெனச் சுகாதாரத் துறை இலவசமாக வழங்கும் மருந்து ஒன்று உண்டு. அதன் பெயர் டொக்சிசைக்கிளின். எலிக்காய்ச்சல் வராமல் தடுப்பதற்கு வாரம் ஒரு முறை விழுங்கவேண்டிய நுண்ணுயிர்கொல்லி அது. வாங்கிச் செல்வோர் எல்லோரும் அதனை முறையாக விழுங்குகின்றார்களா என்பதே நமது கவலை.

எலிக்காய்ச்சலை உண்டாக்கும் லெப்டோஸ்பைரா என்ற பக்டீரியா எலியின் சிறுநீரகத்தில் குடியிருந்து, அதன் சிறுநீரோடு வெளியேறுகின்றது. மாடு, எருமை, நாய், பன்றி ஆகியவையும் இதனைப் பரப்பக்கூடும். ஈரமண்ணிலும் தேங்கிய நீரிலும் பல நாட்கள் உயிரோடிருந்து, காலிலுள்ள சிறு கீறல், நீரில் ஊறி மென்மையான தோல், கண், வாய் ஆகியவற்றினூடாக மனித உடலுக்குள் நுழைகின்றது. நுழைந்து பெரும்பாலும் ஐந்து முதல் பதினான்கு நாட்களுக்குள் கடும் காய்ச்சல், தலையிடி, கெண்டைக்காலில் தாங்கமுடியாத தசைவலி, கண் சிவத்தல் ஆகியன தோன்றும். பலருக்கு அத்தோடு நின்றுவிடும். சிலருக்கு மஞ்சள் காமாலை, சிறுநீர் குறைதல், நுரையீரலில் இரத்தக்கசிவு என முற்றி உயிரைப் பறிக்கும்.

2008ஆம் ஆண்டில் இந்நோய் இலங்கையில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு ஏற்பட்டதாகப் பதிவாகி, இருநூறுக்கும் அதிகமான உயிர்களைக் கொண்டுசென்றது. அப்போது பெரும் பாதிப்பு தென்னிலங்கையிலும் மத்திய பகுதியிலும் இருந்தமையால், இது நமக்குரிய நோயல்ல என்ற எண்ணம் வடக்கில் நிலவியது. அந்த எண்ணத்தை 2024 டிசம்பர் உடைத்தது. நவம்பர் வெள்ளம் வடிந்த பின்னர் பருத்தித்துறை, கரவெட்டிப் பகுதிகளில் இனங்காணப்படாத காய்ச்சல் என்று முதலில் பேசப்பட்டது எலிக்காய்ச்சலே எனக் கண்டறியப்படுவதற்குள் உயிர்கள் பறிபோயிருந்தன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மீண்டும் வெள்ளத்தைக் கொண்டுவந்தது. வெள்ளத்துக்குப் பின் எலிக்காய்ச்சல் வருமென்பதை இனி எவரும் புதுச்செய்தியாகக் கொள்ளவேண்டியதில்லை.

டொக்சிசைக்கிளின், டெட்ராசைக்கிளின் என்ற மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்தது. அக்குடும்பத்தின் மூத்த பிள்ளையான ஓரியோமைசின், 1948இல் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வுகூடத்திலிருந்து வெளிவந்தது. அங்கு ஆராய்ச்சியை நெறிப்படுத்தியவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகடா சுப்பாராவ் என்பதை நம்மவர் பலர் அறியார். 1960களில் வந்த டொக்சிசைக்கிளின் உடலில் நீண்ட நேரம் தங்குவதால், குறைந்த தடவைகள் எடுத்தாலே போதுமானது. பக்டீரியா தனக்கு வேண்டிய புரதங்களை உருவாக்கும் வேலையை இது முடக்குகின்றது. உண்ணிகளால் பரவும் தெள்ளுக்காய்ச்சல் வகைகளுக்கும் இது கைகண்ட மருந்தாகும்.

வாரம் 200 மில்லிகிராம், அதாவது 100 மில்லிகிராம் குளிசைகள் இரண்டு என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? பனாமாக் காட்டில் பயிற்சிபெற்ற அமெரிக்கப் படையினரிடம் நடத்தப்பட்டு 1984இல் வெளியான ஆய்வொன்றில், இந்த அளவை எடுத்தவர்களிடையே நோய் மிகப்பெருமளவு குறைந்திருந்தது. சில வாரங்கள் மட்டும் காட்டில் இருந்துவிட்டுச் செல்லும் படையினர் வேறு. ஆண்டு முழுவதும் சேற்றில் நிற்கும் விவசாயி வேறு. அந்தமான் தீவுகளில் நடந்த ஆய்வில், தொற்று ஏற்படுவதை மருந்து பெரிதாகத் தடுக்கவில்லையெனினும் காய்ச்சலாக வெளிப்படுவதைக் குறைத்தது என்றே காணப்பட்டது. எனவே குளிசையைக் கவசமென நம்பி, புண்ணுள்ள காலோடு வயலில் இறங்குவது தவறு. காயத்தை நீர்புகாதவாறு மூடுவதும், வேலை முடிந்ததும் கைகால் கழுவுவதும், இயன்றால் பூட்ஸ் அணிவதும் மருந்துக்குப் பதிலானவையல்ல, மருந்தோடு சேரவேண்டியவை.

வயலில் இறங்குவதற்கு முன்னரே முதல் இரண்டு குளிசைகளை எடுத்து, வேலை நீடிக்கும் வரை வாரந்தோறும் அதே நாளில் எடுக்கவேண்டும். உணவுக்குப் பின், ஒரு பெரிய குவளை நீரோடு விழுங்கி, அரைமணி நேரமாவது படுக்காதிருக்க வேண்டும். சொட்டு நீரோடு விழுங்கிப் படுப்பவரின் உணவுக்குழாயில் குளிசை ஒட்டிப் புண்ணாக்கிவிடும். நெஞ்செரிகின்றது என்று பலர் மறுவாரம் மருந்தை மூலையில் போடுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். பால், இரும்புச்சத்து மாத்திரை, அமிலநீக்கி ஆகியவற்றோடு சேர்த்தால் மருந்து உடலில் சரியாகச் சேராது. வெயிலில் தோல் எளிதில் கருகவும் கூடும். ஆகவே முழுக்கைச் சட்டை நல்லது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் சிறுபிள்ளைகளும் இதனைத் தாமாக எடுக்கலாகாது. வளரும் பற்களில் நிரந்தரக் கறை படியும். அவர்களுக்கு வேறு மருந்து உண்டு. அதனை வைத்தியரே தீர்மானிக்கவேண்டும்.

முஸ்லிம் வாசகர்கள் கேட்கும் இரு விடயங்களையும் இங்கு சொல்லவேண்டும். அண்மைய ஆண்டுகளில் ரமழான் காலபோக அறுவடையை ஒட்டி வருகின்றது. வாரம் ஒருமுறை எடுக்கும் மருந்தாகையால் நோன்புக்கு இடைஞ்சலில்லை. நோன்பு திறந்து உணவருந்திய பின் எடுக்கலாம். சஹரில் விழுங்கி உடனே உறங்கச் செல்வதே கூடாது. அடுத்தது, கூடு. கப்சூலின் கூட்டுக்குரிய ஜெலட்டின் விலங்கிலிருந்து பெறப்படுவது வழமை. எந்த விலங்கு என்பது உற்பத்தியாளரைப் பொறுத்தது. கூடில்லாத வில்லையாகவும் இம்மருந்து உண்டு. ஐயமுள்ளோர், மாட்டிறைச்சி தவிர்க்கும் இந்துக்கள் உட்பட, மருந்தாளரிடம் கேட்டறிவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கேளாமல் எறிந்துவிடுவதே ஆபத்து.

காய்ச்சல் வந்துவிட்டால் கதை மாறுகின்றது. மீந்த குளிசையில் இரண்டை விழுங்கிவிட்டு வீட்டில் கிடப்பது சிகிச்சையன்று. நோய் கண்டவருக்கு வழமையாக நாளொன்றுக்கு இரு தடவை, பல நாட்களுக்கு மருந்து தரப்படும். முற்றியவருக்கு வைத்தியசாலையில் நரம்பூடாக ஏற்றப்படும். அதே மழைக்காலத்தில் வரும் டெங்கு வைரஸ் நோயாகும். அதற்கு எந்த நுண்ணுயிர்கொல்லியும் பயன்படாது. அயல்வீட்டாரின் அமொக்சிசிலினை இரண்டு நாள் விழுங்கிவிட்டு மூன்றாம் நாள் வைத்தியசாலைக்கு வருபவர், நோயைக் கண்டறிவதையும் கடினமாக்குகின்றார். நுண்ணுயிர்கொல்லிகளை வைத்தியரின் துண்டின்றி விற்கலாகாது என்பது சட்டம். சட்டத்தை மருந்துக்கடை மறந்தாலும், துன்பம் நோயாளிக்கே.

காய்ச்சலோடு செல்பவர் தாம் வயலில் இறங்கியதையோ வெள்ளநீரில் நடந்ததையோ கேளாமலேயே வைத்தியரிடம் சொல்லவேண்டும். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டப் பொது வைத்தியசாலைகளில் காத்திருப்போர் வரிசை நீளும் நாட்களில், அந்த ஒரு வாக்கியம் நோயை விரைந்து அறிய உதவும்.

குளிசை விநியோகத்திலும் ஓர் இடைவெளி உண்டு. பதிவுசெய்த விவசாயியின் பெயர் கமநல சேவை நிலையத்தில் இருக்கும். நாட்கூலிக்கு நாற்று நடும் பெண்ணின் பெயரோ, வாய்க்கால் துப்புரவாக்குபவரின் பெயரோ, புத்தளத்துக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே வாழ்ந்தபடி பயிர்செய்யும் மீள்குடியேறிய முஸ்லிம் குடும்பத்தின் பெயரோ அதில் இருக்குமென்பது நிச்சயமில்லை. சேற்றில் நிற்பவர்கள் இவர்களே. பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் பட்டியலோடு மட்டுமன்றி, உழவு தொடங்கும் வாரத்திலேயே வயலுக்கும் சென்று குளிசையை வழங்கவும், அதன் உறையில் எடுக்கும் முறையைத் தமிழில் அச்சிடவும் மாகாண சுகாதாரத் திணைக்களம் அடுத்த போகத்துக்கு முன் ஏற்பாடு செய்தல் வேண்டும்.