சல்லிக் கரையும் பேசாத குழந்தையும்

திருகோணமலையின் வரலாறு பெரும்பாலும் அதன் துறைமுகத்தின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் அத்துறைமுகத்தின்மீது குண்டு பொழிந்தன. அன்றே ஹேர்மீஸ் என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. கப்பல்களின் கணக்கை ஏடுகள் பேணி வைத்துள்ளன. அன்று தாயின் முந்தானையைப் பற்றி நடுங்கிய பிள்ளைகள் வளர்ந்து பெரியோரானபோது அவர்தம் அச்சம் என்னவாயிற்று என்பது, வரலாறு எழுதியோர் கேட்க மறந்த வினாவாகும்.

அவ்வினாவை அதே காலத்தில் இலண்டனில் இருவர் எழுப்பினர். சிக்மண்ட் பிராய்டின் மகள் அன்னா பிராய்டும் டொரதி பேர்லிங்கமும் போர்க்காலக் குழந்தைகளுக்கெனக் காப்பகங்களை நடத்தினர். குண்டுவீச்சைக் காட்டிலும் தாயைப் பிரிதலே சிறுபிள்ளையை ஆழமாகத் தாக்குகின்றது என்பதை அவர்கள் கண்டனர். பிள்ளையின் அச்சம் அதன் அருகிலுள்ள பெரியோரின் அச்சத்தைப் பொறுத்தது என்பதும் தெளிவாயிற்று. பின்னர், 1963இல் அமெரிக்க உளமருத்துவர் ஹியூ மிசில்டைன், கடந்தகாலக் குழந்தை ஒவ்வொருவர் உள்ளத்திலும் தொடர்ந்து வாழ்கின்றது என்று நூலெழுதினார். பெற்றோர் தம்மை நடத்திய முறையிலேயே வளர்ந்தவர் தம்மைத் தாமே நடத்துகின்றனர் என்பது அவர் கருத்தின் சாரமாகும். கடிந்து வளர்க்கப்பட்டவர் தம்மையே கடிந்துகொள்கின்றார். அழக்கூடாதென அடக்கப்பட்டவர் தம் கண்ணீருக்குத் தாமே காவலராகின்றார்.

இக்கருத்தைச் சல்லியின் கரையில் வைத்து நோக்குதல் பயனுடையது. திருகோணமலை நகருக்கு வடக்கே, சாம்பல்தீவுக்கு அண்மையில், கடலையே வாழ்வாகக் கொண்ட சிற்றூர் சல்லி. கடலோரத்து முத்துமாரி அம்மன் ஆலயத்தால் அது பெயர்பெற்றது. 2004 டிசெம்பர் 26ஆம் திகதி, சுமாத்திராவுக்கு அப்பால் நிலமதிர்ந்து ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்தில் கிழக்கிலங்கைக் கரையை ஆழிப்பேரலை அடைந்தது. இலங்கையில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்ட அவ்வழிவுக்குச் சல்லியும் தப்பவில்லை. இரண்டு ஆண்டு செல்லுமுன், 2006இல், அம்மாவட்டத்தில் மீண்டும் போர் மூண்டது.

அன்று ஏழு வயதுப் பிள்ளையாயிருந்தவர் இன்று தம் பிள்ளையைத் தாமே தூக்கும் பருவத்தினர். உணவு தந்த கடலே உறவைக் கொண்டுபோயிற்று. மறுபடியும் அக்கடலையே நம்பிப் பிழைக்கவேண்டியும் இருந்தது. இம்முரணை ஒரு பிள்ளைக்கு யார் விளக்கியிருக்கக்கூடும்? "நடந்ததைப் பேசாதே" என்று தடுத்த தாயும் தன் துயரில் மூழ்கியிருந்தவளே. அவள் தடுத்தது அன்பினாலேயாம். ஆயினும் பிள்ளை அதனைத் தன் துயருக்கு இடமில்லை என்றே விளங்கிக்கொண்டது. காலங்கடந்து, காரணமறியாச் சினமாகவும், உறக்கமின்மையாகவும், தன் பிள்ளையை நீர்க்கரைக்கு விட மறுக்கும் பதற்றமாகவும் அப்பழைய துயர் தலைகாட்டக்கூடும்.

மேனாட்டார் கருத்து ஈண்டு ஓரளவே பொருந்தும். பெற்றோரின் பிழையைத் தேடுவதால் இங்கு பயனில்லை. காயம் குடும்பம் முழுவதற்கும், ஊர் முழுவதற்கும் உரியது. யாழ்ப்பாணத்து உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போரின் மனவடுக்களை ஆராய்ந்து, சமூகம் முழுவதையும் தாக்கும் கூட்டு மனவடு பற்றி எழுதியமை இவ்விடத்து நினைவுகூரத்தக்கது. பரிகாரத்தில் குடும்பத்துக்கும் ஊர்ச் சடங்குகளுக்கும் அவர் இடமளித்தார். உடல் கிடைக்காத மரணத்தில் ஈமக்கடன் தடைப்படுகின்றது. துயரும் முடிவின்றி நீள்கின்றது. சடங்கு அத்துயருக்கு ஓர் ஒழுங்கைத் தருகின்றது. கூடியழுதலும் நேர்த்திவைத்தலும் நம் முன்னோர் கண்ட வழிகளாம்.

மட்டக்களப்பிலும் ஒரு முன்னுதாரணம் உண்டு. 1996இல் அருட்தந்தை போல் சற்குணநாயகமும் கனடியக் கலைஞர் போல் ஹோகனும் அங்கு வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைத் தொடக்கினர். போரினால் துயருற்ற தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் களிமண்ணும் கதையும் நாடகமும் கொண்டு தம் உள்ளத்தை வெளிப்படுத்தினர். சொல்லவியலாததைக் கை சொல்லிற்று.

அத்தகைய பூங்கா வாய்க்காது வளர்ந்தோரே பலர். அவர்தம் உள்ளத்துக் குழந்தை இன்னும் செவியொன்றை எதிர்பார்த்தே இருக்கின்றது. முதற்செவி அவருடையதாகவே இருத்தல் வேண்டும்: அன்று அஞ்சியது கோழைத்தனமன்று, பிள்ளையின் இயல்பே என்று தமக்குத்தாமே சொல்லிக்கொள்ளுதல் நலத்தின் தொடக்கம். அடுத்தது, முதுமையெய்திய தாயருகில் அமர்ந்து அந்நாளைப் பற்றிக் கேட்டலும் கூறலும். தாயும் அன்று பேசாதிருந்தவளே. இருவர் மௌனமும் ஒருங்கே கலைந்தால், கடற்கரையில் விளையாடும் மூன்றாந் தலைமுறைப் பிள்ளைக்கு அவ்வச்சம் முதுசொமாகச் சென்று சேராது.