ஐந்து ஊர்களும் ஒரு வினாநிரலும்

முதுகலை வகுப்புகளில் கள ஆய்வு முறையியல் என்றொரு தாள் உண்டு. நான்கைந்து மாணவர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து தலைப்பைத் தேர்ந்து, வினாநிரல் அமைத்து, தரவு திரட்டி, அறிக்கை எழுத வேண்டும். மதிப்பெண் வந்ததும் அவ்வறிக்கை துறை அலமாரியில் அடங்கிவிடும். மாணவர் ஆய்வு வெறும் பயிற்சிதான் என்பது பொதுவான எண்ணம். ஆயினும், தென்னிந்தியக் கிராமங்களைப் பற்றி நம்மிடமுள்ள மிக நீண்ட தரவுத் தொடர்களுள் ஒன்று மாணவர்களின் களப்பணியிலிருந்தே தொடங்கியது.

1915ஆம் ஆண்டின் இறுதியில் கில்பர்ட் ஸ்லேட்டர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியராக வந்து சேர்ந்தார். அதற்குமுன் அவர் ஆக்ஸ்போர்டில் தொழிலாளர் கல்விக்கென நிறுவப்பட்ட ரஸ்கின் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். இங்கிலாந்தின் பாடநூல்களை வைத்துக்கொண்டு இந்திய வேளாண் பொருளியலைக் கற்பிக்க இயலாது என்பதை உணர்ந்த அவர், பொதுவான வினாநிரல் ஒன்றை மாணவர்களிடம் கொடுத்து, அவர்கள் அறிந்த ஊர்களுக்கே அனுப்பினார். நிலம், பயிர், கால்நடை, கூலி, கடன், கைத்தொழில் ஆகியவை கேட்டு எழுதப்பட்டன. அக்குறிப்புகள் 1918இல் ‘சில தென்னிந்தியக் கிராமங்கள்’ என்ற பொருள்படும் ஆங்கில நூலாக வெளிவந்தன. அதில் இடம்பெற்ற தமிழ்நாட்டு ஊர்கள் ஐந்து: வடமலாபுரம், கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, இருவேல்பட்டு, தூசி. ஏறத்தாழ அதே காலத்தில் புனே வேளாண் கல்லூரியின் ஹெரால்டு மான் தக்காணத்துக் கிராமம் ஒன்றை ஆராய்ந்து 1917இல் நூலாக்கினார். கிராமத்தை நேரில் சென்று அளக்கும் மரபு இவ்வாறு இந்தியக் கல்விக்கூடங்களில் வேரூன்றியது.

அம்மாணவர்களின் குறிப்புகளில் குறைகள் இல்லாமலில்லை. அக்காலத்தில் பல்கலைக்கழகம் வரை எட்டியவர் மிகச் சிலரே. அவர்களிலும் பெரும்பாலோர் நிலமும் சாதி மேன்மையும் உடைய குடும்பத்தினர். வயலில் உழைத்தவரின் கணக்கு வேறொருவர் கைவழியாகவே ஏட்டில் ஏறியது. ஆனால் எந்த ஊரில், எந்த வினாக்களைக் கொண்டு, யார் கேட்டார் என்பது பதிவாகியிருந்தது. அதனால்தான் பின்வந்தோர் அதே ஊருக்குத் திரும்பிச் செல்லவும், முன்னவரின் பார்வையிலிருந்த சாய்வைக் கண்டறியவும் முடிந்தது.

திரும்பிச் சென்றோர் பலர். 1936-37இல் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் மறு ஆய்வை நடத்தினர். அது 1940இல் நூலாயிற்று. 1960களில் மார்கரெட் ஹாஸ்வெல் வந்தார். 1980களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சார்ந்த அறிஞர்கள் இவ்வூர்களை மீண்டும் ஆராய்ந்தனர். இருவேல்பட்டுக்கு 2008இல் ஜான் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ் ஆகியோர் சென்றனர். நிலக்கிழார்களின் பிடி தளர்ந்ததையும், தலித் மக்கள் முன்னிலும் தற்சார்பு பெற்றதையும், 1916இன் குறிப்போடு ஒப்பிட்டே அவர்களால் கூற முடிந்தது. முதல் குறிப்பு இல்லையேல் அம்மாற்றம் வெறும் நினைவாக மட்டுமே எஞ்சியிருக்கும்.

மொழியியல் மாணவனாகிய எனக்கு இவ்வரலாறு புத்தூரை நினைவூட்டுகிறது. 1911இல் வட ஆர்க்காட்டிலிருந்து சித்தூர் மாவட்டம் பிரிந்தது. 1960இல் மாநில எல்லை திருத்தப்பட்டுத் திருத்தணி தமிழ்நாட்டோடு இணைந்தது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைக்கோடு இடம்மாறிய ஒவ்வொரு முறையும் இப்பகுதியில் வீட்டில் எம்மொழி, கடைவீதியில் எம்மொழி, பள்ளியில் எம்மொழி என்று தெருத்தெருவாகக் கேட்டு எழுதிய குறிப்பு ஒன்று இருந்திருந்தால் இன்று எவ்வளவு பயன்பட்டிருக்கும்! கிரியர்சனின் இந்திய மொழிகளின் அளவாய்வோ சென்னை மாகாணத்தைத் தன் களத்திலேயே சேர்க்கவில்லை. தமிழும் தெலுங்கும் ஒரே வீட்டில் புழங்கும் ஊர்களின் வரலாற்றை மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ‘தாய்மொழி’ என்னும் ஒற்றைக் கட்டத்திலிருந்து மீட்டெடுக்க இயலாது.

ஆகவே இவ்வாண்டு குழு ஆய்வில் இறங்கும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். கைப்பேசிப் படிவத்தை நண்பர்களுக்கு அனுப்பி ஐம்பது விடைகளைப் பெறுவதைக் காட்டிலும், ஒரே ஒரு தெருவைத் தேர்ந்து வீடுவீடாகச் செல்லுங்கள். வினாக்களைக் கேட்ட சொற்களிலேயே பின்னிணைப்பில் தாருங்கள். கேட்டவர் யார், எம்மொழியில் கேட்டார், எந்த வீடுகள் விடையளிக்க மறுத்தன என்பதையும் எழுதுங்கள். விடையளித்தோரின் பெயர்களைக் குறியீடாக்கி, அக்குறியீட்டுப் பட்டியலைத் தனியே காத்து வையுங்கள். மூலத் தரவைத் துறை நூலகத்தில் ஒப்படையுங்கள்.

ஒரு பருவத்தில் பெரிய முடிவு எதையும் நிறுவிவிட முடியாது. இருபது ஆண்டுகள் கழித்து அதே தெருவுக்கு வரும் மற்றொரு குழு தன் வேலையைத் தொடங்க ஓர் இடத்தை விட்டுச்செல்ல முடியும். ஸ்லேட்டரின் மாணவர்கள் நமக்கு விட்டுச்சென்றது அதைத்தான்.